வால்வுக்காரரின் கால் சுற்று

அந்த மனிதர் ஒரு வீட்டுக்கு வந்தால் அங்கே இருக்கும் குழாயைத் திருகிப் பார்க்காமல் போக மாட்டார். கல்யாண வீடோ துக்க வீடோ, கை கழுவப் போகிறேன் என்று உள்ளே போனவர் வெளியே வர வெகுநேரம் ஆகும். வந்ததும், அழுது வீங்கிய கண்களோடு நிற்கும் மகனிடம், "உங்க வீட்டுக் குழாயில ஸ்பிண்டில் தேஞ்சு போச்சு தம்பி, சீக்கிரம் மாத்திடுங்க" என்று ஆறுதல் சொல்வார்.

குழாய்ச் சாமான்கள் விற்கும் பெரிய கடையொன்றில் வால்வுப் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. முகத்துக்கு நேரே 'வால்வு சார்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'சார்' உதிர்ந்துவிடும். அவருக்கு வேதம் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்: எந்த வால்வையும் முழுசாகத் திற, திறந்தபின் கால் சுற்று பின்னால் விடு. அப்படியே முட்டிக்கொண்டு நிற்கவிட்டால் அடுத்த தடவை அசையாது, பிடித்துக்கொள்ளும். குழாய்க்கு இது நல்ல புத்திதான். ஆனால் அவர் குழாயோடு நிறுத்தினாரா என்ன? கேஸ் அடுப்பு, பிரஷர் குக்கர், பஸ்ஸின் ஜன்னல் கைப்பிடி, மைத்துனனின் கல்யாணப் பேச்சு என்று எதைக் கண்டாலும் முழுசாகத் திறந்து கால் சுற்று பின்னால் விட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கல்யாணம் நடக்கவில்லை.

அவருடைய மனைவி ஒரு வணிக வளாகத்தின் படிக்கட்டுக்குக் கீழே, குடை விரித்தால் சுவரில் இடிக்கும் அளவு அறையில், ஆல்ட்ரேஷன் கடை வைத்திருந்தாள். பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பெருத்துப் போனவர்களின் சட்டையைப் பிரித்து விடுவது. வேலை செய்யும்போது வாயில் நாலு குண்டூசியைக் கவ்வியிருப்பாள். அதில் ஒரு சௌகரியம், யார் என்ன கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வரும் கணவர், சும்மா நிற்க முடியாமல் தையல் மெஷினில் நூலை இறுக்கும் திருகைத் திருப்பி வைப்பார். "ரொம்ப டைட்டா வச்சிருக்கே." மறுநாள் காலையில் வந்ததும் அவள் அதைப் பழையபடி திருப்பிக்கொள்வாள். அவர் திருப்ப, இவள் திரும்பத் திருப்ப, குடும்பம் இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. சண்டை போட்டு ஜெயிப்பதைவிட இது லேசு என்று அவள் என்றைக்கோ முடிவு செய்திருந்தாள். அந்த முடிவு எவ்வளவு மடத்தனம் என்பது அவளுக்குக் கடலுக்கடியில்தான் தெரிந்தது.

வால்வு கம்பெனிக்காரர்கள் அந்த வருடம் அதிகம் விற்றவருக்கு ஒரு பரிசு வைத்திருந்தார்கள். ஜோடியாகத் தீவுகளுக்கு ஒரு பயணம், அதில் ஸ்கூபா டைவிங்கும் சேர்த்தி. பரிசு இவருக்கு விழுந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சொல்லி வைத்த பெரியவர்கள் யாரும் அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கவில்லை போலிருக்கிறது. புறப்படும் நாள் வரைக்கும் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "சிலிண்டர், வால்வு, பிரஷர், இவ்வளவுதானே டைவிங்? நமக்குத் தெரியாததா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீச்சல் மட்டும் சுமாராகத்தான் தெரியும். அதை யாரிடமும் சொல்லவில்லை.

தீவு என்னவோ அழகாகத்தான் இருந்தது. அதை அவரால் கெடுக்க முடியவில்லை, கடலுக்குக் குழாய் இல்லாத காரணத்தால்.

டைவிங் கடை என்பது கரையோரத்தில் தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை. சுவரோரம் சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். கம்பியில் கறுப்பு ரப்பர் சூட்டுகள் தலைகீழாகத் தொங்கி, சிமென்ட் தரையில் சொட்டிக்கொண்டே இருக்கும். அங்கே மூன்று பேர். கடை முதலாளி, பேச்சு குறைவு, பார்வை அதிகம். பயிற்சி கொடுக்கும் பெண், வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். அப்புறம் படகுக்காரர், ஐம்பதைத் தொடும் ஆள். படகு ஓட்டுவதும், சிலிண்டர்களில் காற்று நிரப்புவதும், புறப்படும் முன் ஒவ்வொரு சிலிண்டரின் வால்வையும் திறந்து வைப்பதும் அவர் வேலை. காற்று நிரப்பும் மெஷினுக்குப் பின்னால் இருக்கும் அறையிலேயே குடித்தனம்.

பயிற்சிப் பெண் இடுப்பளவு தண்ணீரில் நிற்க வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். தண்ணீருக்குள் பேச முடியாது, கைதான் பேச்சு. ஜோடி ஜோடியாகத்தான் இறங்க வேண்டும், ஜோடியை விட்டு அகலக் கூடாது. கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்டினால் காற்று வரவில்லை என்று அர்த்தம். "ஒவ்வொருத்தர் கிட்டயும் வாயில கவ்வி மூச்சு இழுக்கற மவுத்பீஸ் ரெண்டு இருக்கு. கறுப்பு உங்களுக்கு. இந்த மஞ்சள் உங்க ஜோடிக்கு. அவங்களுக்குக் காத்து நின்னுச்சுன்னா..."

"இதைக் கொடுக்கணும். தெரியும், தெரியும்" என்றார் வால்வுக்காரர். அந்தப் பெண் எந்த வாக்கியத்தை ஆரம்பித்தாலும் அவர்தான் முடித்து வைத்தார்.

"அப்புறம் சார், வால்வுல யாரும் கை வைக்காதீங்க. படகுல அண்ணன் திறந்து வச்சிருப்பார்."

"ஏம்மா, நான் என்ன தொழில் பண்றேன்னு தெரியுமா உனக்கு?"

அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் தெரிவித்தார். தண்ணீரில் நின்று விரல்கள் சுருங்கும் வரைக்கும் தெரிவித்தார்.

மறுநாள் காலை படகு பவளப் பாறைப் பக்கம் போய் நின்றது. பயிற்சிப் பெண் ஒவ்வொருவரின் காற்று மீட்டரையும் பார்த்தாள். முள் நிறைவைக் காட்டியது. அவள் தன் சிலிண்டரை மாட்டிக்கொள்ளத் திரும்பினாள். படகுக்காரர் நங்கூரக் கயிற்றில் இருந்தார். படகின் விளிம்புப் பலகையில், சிலிண்டர் கனத்தில் நிமிர முடியாமல் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இடப்பக்கம் கணவர். முதுகில் ஏதோ அசைவதுபோல் இருந்தது. "முழுசா திறக்காமலே விட்டிருக்கான் பாரு" என்று அவர் முணுமுணுத்தது கேட்டது. அவள், கடையில் குண்டூசியைக் கவ்வுவதுபோல, வாயில் மவுத்பீஸைக் கவ்வியிருந்தாள். தையல் மெஷினைத் திருப்பும் அதே கைதானே, அப்புறம் சரிபண்ணிக்கொள்ளலாம் என்ற பழைய எண்ணம் பழக்கத்தில் வந்து போயிற்று. முதுகில் இருக்கும் வால்வுக்குத் தன் கை எட்டாது என்பதை அவள் யோசிக்கவில்லை.

இறங்கினார்கள். முதல் சில நிமிடங்களை அவள் உயிருள்ளவரை மறக்க மாட்டாள். நீல வெளிச்சம், கீழே விசிறி விசிறியாகப் பாறைகள், மேலே படகின் வயிறு. மஞ்சள் மீன்கள் கூட்டமாக வந்து, இவளைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பெரிதாக இல்லை என்று திரும்பிப் போயின. எல்லாவற்றையும்விட, கணவர் பக்கத்திலேயே இருந்தும் ஒரு வார்த்தை பேச முடியாத இடம் ஒன்று உலகத்தில் இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்து மாஸ்க்குக்குள் கொஞ்சம் தண்ணீர்கூடப் புகுந்தது.

நாலைந்து ஆள் ஆழம் போனதும் மூச்சு இறுகியது. இழுத்தால் காற்று வரவில்லை. வந்தது, ஆனால் போதவில்லை. மறுபடி இழுத்தாள். அடைத்த குழாயை உறிஞ்சுவது போல இருந்தது. கை எட்டும் தூரத்தில் கணவர் இருந்தார். அவர் தோளைத் தட்டினாள். அவர் திரும்பினார். அவள் கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தாள். ஒரு தடவை, இன்னொரு தடவை.

கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய கண்கள் அவளைப் பார்த்தன. நன்றாகப் பார்த்தன. பிறகு கால்களை உதைத்துக்கொண்டு விருட்டென்று மேலே போய்விட்டார். அப்படி விருட்டென்று ஏறக் கூடாது என்பதும் அவருக்குத் 'தெரியும், தெரியும்' ரகம்தான். மஞ்சள் மவுத்பீஸ் அவர் இடுப்பில் வால் போல ஆடிக்கொண்டே போனது.

முன்னால் போய்க்கொண்டிருந்த பயிற்சிப் பெண் ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தாள். அதனால்தான் இந்தக் கதையில் மனைவி இன்னும் இருக்கிறாள். அந்தப் பெண் பாய்ந்து வந்து தன் மஞ்சள் மவுத்பீஸை அவள் வாயில் திணித்து, தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு, கண்ணோடு கண் பார்த்தபடி மெதுவாக மேலே கொண்டுவந்தாள்.

அவர்கள் படகில் ஏறியபோது வால்வுக்காரர் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பயிற்சிப் பெண் முதலில் செய்த காரியம், மனைவியின் சிலிண்டரைக் கழற்றி வால்வைப் பார்த்ததுதான். அது ஏறக்குறைய மூடிக் கிடந்தது. ஒரு கால் சுற்றுதான் திறந்திருந்தது.

"யாரு இதுல கை வச்சது?"

"வேற யாரு? இந்த ஆள்தான்" என்று படகுக்காரரைக் காட்டினார் வால்வுக்காரர். "ஏம்ப்பா, ஒரு வால்வை முழுசா திறக்கத் தெரியாதா? என் பொண்டாட்டி செத்திருப்பா. நல்லவேளை நான் உடனே மேல வந்து ஆளைக் கூப்பிட்டேன்."

"நான் முழுசாத்தான் திறந்தேன் சார்" என்றார் படகுக்காரர். சொல்லிவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டார். சத்தமாகக் குற்றம் சொல்கிறவனுக்கு முன்னால் நல்லவனுக்குத் தன் கை மீதே சந்தேகம் வந்துவிடுகிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மனைவி அப்போதுதான் படகின் ஓரத்தில் சாய்ந்து மூச்சை மீட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் யோசனை ஓடவில்லை.

கரைக்கு வந்ததும் முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "பதினெட்டு வருஷமா என் கடையில இப்படி நடந்ததில்ல" என்று மட்டும் சொன்னார். பிறகு படகுக்காரரிடம், "நாளைக்கு சரக்குப் படகு வருது. அதுல கிளம்பிடு" என்றார். படகுக்காரர் கம்பியருகே போய், தொங்கிக்கொண்டிருந்த சூட்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட ஆரம்பித்தார். வேலையை விட்டுப் போகச் சொன்னபிறகும் அன்றைய வேலையை முடித்துவிட்டுத்தான் போவார் போலிருக்கிறது.

அறைக்குத் திரும்பிய பிறகு அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் குளிக்கப் போனார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. முழுசாக ஒரு திருகல், கடைசியில் 'கிறீச்' என்று ஒரு கால் சுற்று பின்னால். அவள் நிமிர்ந்தாள். முதுகில் அந்த அசைவு மறுபடி ஊர்ந்தது.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது கேட்டாள். "படகுல என் முதுகுல என்ன பண்ணீங்க?"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "சரி பண்ணேன். முழுசா திறக்காம இருந்துச்சு. முழுசா திறந்து கால் சுத்து பின்னால விட்டேன்."

"வலது பக்கம் இருந்த திருகை இடது பக்கத்துலயிருந்து, பின்னாடி கையை விட்டுத் திருப்பினீங்க. அந்தப் பக்கத்துல இருந்து பார்த்தா திறக்கறதும் மூடறதும் தலைகீழா இருக்கும். முழுசா மூடிட்டு, கால் சுத்துதான் திறந்து விட்டிருக்கீங்க."

தினமும் துணியை உள்பக்கம் வெளியே திருப்பித் தைக்கிறவளுக்கு இது விளங்க நேரமாகவில்லை. அவருக்கும் விளங்கியது. முகத்தில் தெரிந்தது. தெரிந்ததை அவர் உடனே துடைத்துவிட்டார்.

"அதையெல்லாம் இப்போ அங்க போய் சொல்லிக்கிட்டு இருக்காதே. அவன் படகு ஓட்டற ஆளு, எங்க போனாலும் வேலை கிடைக்கும். எனக்குன்னு தொழில்ல ஒரு பேரு இருக்கில்ல? வால்வுல நான் தப்பு பண்ணேன்னு வெளியில தெரிஞ்சா என்ன ஆகும்?"

அவள் அவரை உற்றுப் பார்த்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. காலில் ஒட்டிய சேற்றைப் பார்ப்பதுபோல ஓர் அருவருப்புதான் வந்தது. இவ்வளவு காலம் இந்த மனிதருக்குப் பயந்தா ஊசியைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று தன் மேலும் கொஞ்சம் வந்தது.

நேரே போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். 'பயத்துல உளர்றா பாவம்' என்பார், நாலு பேரும் தலையாட்டுவார்கள். பேச்சில் அவரை ஜெயிக்க இன்னும் யாரும் பிறக்கவில்லை. ஆனால் அவருடைய கை அப்படியல்ல. அந்தக் கைக்குப் பொய் சொல்லத் தெரியாது.

சாயங்காலம் அவரையும் கூட்டிக்கொண்டு டைவிங் கடைக்குப் போனாள். முதலாளியும் பயிற்சிப் பெண்ணும் இருந்தார்கள். படகுக்காரர் ஒரு பையில் துணிகளை அடைத்துக்கொண்டிருந்தார்.

"இவர் வால்வு தொழில்லயே இருக்கிறவர்" என்று முதலாளியிடம் சொன்னாள். "இன்னொருத்தருக்கு இப்படி ஆகக் கூடாது பாருங்க. போறதுக்குள்ள ஒரு தடவை உங்களுக்கெல்லாம் சரியான முறையைக் காட்டிட்டுப் போகட்டும்." கணவரிடம் திரும்பினாள். "காட்டுங்களேன். உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். வாயை அடக்கி வைத்திருந்த தவளையும் உண்டு, அது கையால் கெட்டது. சற்று முன்னால்தான் 'சொல்லாதே' என்றவர், சொல்லிக்கொடுக்கும் சந்தர்ப்பம் என்றதும் எல்லாவற்றையும் மறந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இதுக்கென்ன, தாராளமா" என்று சட்டைக் கையை மடித்துவிட்டார்.

மனைவி பெஞ்சில் உட்கார்ந்தாள். பயிற்சிப் பெண் அவள் முதுகில் சிலிண்டரை மாட்டினாள். எல்லோரும் பார்க்க, படகுக்காரர் வால்வை முழுசாகத் திறந்துவிட்டு விலகி நின்றார். வால்வுக்காரர் வந்து, யாரும் சொல்லாமலேயே, மனைவிக்கு இடப்பக்கம் நின்றுகொண்டார். பின்னாலிருந்து கையை நீட்டினார்.

"இப்போ பாருங்க. முதல்ல முழுசா திறக்கணும். இதோ, இன்னும் வருது பாருங்க, இன்னும்... இப்போ முட்டிடுச்சு. இதுதான் ஃபுல் ஓப்பன். இப்படியே விடக் கூடாது. கால் சுத்து பின்னால. அவ்வளவுதான். என் கடையில புதுசா சேர்ற பையன்கூட இதைச் சரியா செய்வான்."

மனைவி மவுத்பீஸைக் கவ்வி, பலமாக மூச்சு இழுத்தாள். மீட்டரின் முள் சடக்கென்று கீழே விழுந்தது. நிறுத்தினாள், முள் மெல்ல ஏறியது. மறுபடி இழுத்தாள், மறுபடி விழுந்தது. காலையில் இருந்ததுபோலவே வால்வு கால் சுற்றுதான் திறந்திருந்தது. முதலாளி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பயிற்சிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

முதலாளி நிமிர்ந்து படகுக்காரரைப் பார்த்தார். "பையைக் கொண்டு போய் உள்ள வை" என்றார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார்.

படகுக்காரர் வந்து வால்வை முழுசாகத் திறந்துவிட்டார். அதற்கப்புறம்தான் பையை எடுத்தார்.

வால்வுக்காரர் மீட்டரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், மறுபடி மீட்டரைப் பார்த்தார். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி அவர். "இந்த வால்வோட டிசைனே தப்பு" என்றார். "கைப்பிடியைப் பக்கவாட்டுல வச்சா யாருக்குத்தான் குழம்பாது? நான் கம்பெனிக்கு எழுதறேன்."

ஒரு மன்னிப்பு, அரை மன்னிப்பு, ஒரு செருமல்கூட அவரிடமிருந்து வரவில்லை.

அறைக்குத் திரும்பும் மணல் வழியில்தான் அவருக்கு வாய் திறந்தது. "நாலு பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்டே. புருஷன்கிற மரியாதை வேண்டாம்?"

"வால்வை நான் மறந்துடுவேன்" என்றாள் அவள். "அது உங்க கைப்பழக்கம். நீங்க என்னைக் கொல்லணும்னு திருப்பல. ஆனா கீழ நான் கழுத்துல கையை வச்சுக் காட்டினேன். நீங்க பார்த்தீங்க."

"ஆளைக் கூப்பிடத்தான் மேல போனேன்."

"எனக்கு வேண்டியது உங்க இடுப்புலேயே தொங்கிச்சு. மஞ்சள் கலர்ல."

அவர் நின்றார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய்க்கு அன்று காற்று போதவில்லை. அவள் நிற்காமல் நடந்தாள்.

மறுநாள் அவள் மறுபடி கடலுக்குக் கிளம்புவாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவள் விடிந்ததும் சூட்டை மாட்டிக்கொண்டு படகுத்துறைக்குப் போய்விட்டாள். அந்த நீல வெளிச்சத்தை இன்னொரு தடவை, மூச்சு தடையில்லாமல் பார்க்க வேண்டும் என்று இருந்தது. அவரும் விடாமல் பின்னாலேயே வந்து ஏறிக்கொண்டார். ராத்திரி சாப்பாட்டு அறையில் யாரோ இரண்டு பேரைப் பிடித்து வால்வு டிசைன் பற்றிப் பேசியதில் அவருக்குப் பாதி தெம்பு திரும்பியிருந்தது. அந்த இரண்டு பேரும் இப்போது படகில் இருந்தார்கள்.

படகுக்காரர் ஒவ்வொரு வால்வாகத் திறந்துகொண்டே வந்தார். மனைவியின் சிலிண்டரைத் திறந்ததும், "பார்த்துக்கோங்கம்மா" என்று அவள் முன்னாலேயே இன்னொரு முறை தொட்டுக் காட்டினார்.

இறங்குவதற்கு முன்னால் பயிற்சிப் பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். யாருக்கு யார் ஜோடி என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அது அங்கே முறை. அந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டார்கள்.

"அக்கா, உங்களுக்கு ஜோடி யாரு?"

வால்வுக்காரர் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கினார்.

"இவரைத் தவிர யாரா இருந்தாலும் சரி" என்றாள் மனைவி.

குரலை உயர்த்தவில்லை. ஒரு பேன்ட்டின் அளவு சொல்வதுபோலச் சொன்னாள். படகுக்காரர் கயிற்று முடிச்சின் மேல் இன்னும் கொஞ்சம் குனிந்துகொண்டார். பயிற்சிப் பெண், "என்னோட வாங்கக்கா" என்றாள். அவள் மவுத்பீஸைக் கவ்விக்கொண்டு, முதுகுப்பக்கமாகச் சரிந்து தண்ணீரில் விழுந்தாள்.

தூக்கிய கையை எங்கே வைப்பதென்று வால்வுக்காரருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் குடிதண்ணீர் டிரம் இருந்தது. அதன் குழாயைப் பிடித்துத் திருகினார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.